எழுதிக் கொடுத்த அறிக்கையும் கேட்காமல் விட்ட கேள்வியும்

நான் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு தவறான அறிக்கையால் ஒரு பேருந்து நடத்துநர் ஆறு வாரம் பணிமனையில் மேசை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் செவித்திறன் வல்லுநராக நான் சேர்ந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. தலைச்சுற்றல் நோயாளிகளுக்கென்று புதிதாக வாங்கியிருந்த கருவிகளுக்கு என்னைப் பொறுப்பாக்கியிருந்தார்கள். திரையில் கோடுகள் ஓடுவதையும், ஓடி முடித்ததும் கருவி தானாகவே எண்களைக் கூட்டிக் கழித்து விழுக்காடு போட்டுக் காட்டுவதையும் பார்க்கும்போது, கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. ஓடும் வண்டியில் நின்றுகொண்டே சீட்டுக் கொடுக்கும்போது திடீரென்று தலை சுற்றுகிறது என்று வந்திருந்தார். மருத்துவர் எழுதிய சீட்டில் 'வெர்டிகோ, கலோரிக் சோதனை' என்று மட்டும் இருந்தது. நானும் மருந்து எடுக்கிறாரா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காமல் அவரைப் படுக்க வைத்தேன்.

கலோரிக் சோதனை என்பது காதுக்குள் இளஞ்சூடான நீரையும் குளிர்ந்த நீரையும் மாறி மாறிச் செலுத்தி, உட்செவியின் சமநிலை உறுப்பைத் தூண்டிப் பார்ப்பது. படுத்திருப்பவரின் தலையை 30 பாகை உயர்த்தி வைத்தால் உட்செவியின் கிடைமட்ட அரைவட்டக் குழல் செங்குத்தாக நிற்கும். அப்போது காதுக்குள் 30 அல்லது 44 டிகிரி செல்சியஸ் நீர் போனால், அதாவது உடல் வெப்பநிலையை விட ஏழு டிகிரி குறைவாகவோ கூடுதலாகவோ போனால், குழலுக்குள் இருக்கும் திரவத்தின் ஒரு பகுதி கனத்தோ இலேசாகியோ நகரத் தொடங்குகிறது. தலை அசையாமலேயே மூளைக்குத் தலை திரும்புவதாகச் செய்தி போகிறது, கண்கள் ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வெடுக்கென்று திரும்பும் விழியாட்டம் தோன்றுகிறது. இதைத்தான் நிஸ்டாக்மஸ் என்கிறோம். குளிர்ந்த நீருக்கு வெடுக்கென்ற அசைவு எதிர்ப்பக்கம் இருக்கும், சூடான நீருக்கு அதே பக்கம் இருக்கும். வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நீர் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும் அவர்களுக்குத் தலை சுற்றுவதையும், இரண்டுக்கும் கண்கள் எதிரெதிர்த் திசையில் ஆடுவதையும் கவனித்துக் கண்டுகொண்டது இது. 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். இன்று நாங்கள் பின்பற்றும் 30, 44 என்ற அளவுகளை 1942இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹால்பைக்கும் வகுத்துக் கொடுத்தார்கள். திரவம் கனத்து இறங்குவது மட்டுமே காரணம் என்றால் எடையற்ற நிலையில் இந்த விழியாட்டம் வரக்கூடாது. ஆனால் 1983இல் ஸ்பேஸ்லாப் விண்வெளிப் பயணத்தில் செய்து பார்த்தபோது அங்கேயும் வந்தது. ஆகவே நூறாண்டுக்கு மேல் பழகிய இந்தச் சோதனையின் இயக்கமே நாங்கள் வகுப்பில் படித்த அளவுக்கு எளிமையானது அன்று.

நடத்துநருக்கு நான்கு முறையும் நீர் விட்டேன். விழியாட்டம் இரண்டு பக்கமும் மிகச் சொற்பமாகவே வந்தது. ஒரு காதில் சூட்டுக்கும் குளிருக்கும் வரும் விழியாட்ட வேகங்களைக் கூட்டினால் விநாடிக்கு 6 பாகைக்குக் கீழே இருந்து, மறுகாதிலும் அப்படியே இருந்தால், இரண்டு பக்கச் சமநிலை உறுப்புகளும் வலுவிழந்திருப்பதாகக் கொள்வது வழக்கம். அவருக்கு இரண்டு பக்கமும் அதற்குக் கீழே இருந்தன. 'இருபுறச் செயலிழப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அறிக்கையை நம்பி, ஓடும் வண்டியில் நிற்கக்கூடாது, இருசக்கர வாகனம் ஓட்டக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

ஆறு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது எங்கள் மூத்த மருத்துவர் என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார். நடத்துநரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு தடித்த ரப்பர் மெத்தையின் மேல் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். இரு பக்கமும் செயலிழந்தவர் அப்படி நின்றால் சில விநாடிகளில் சாய்ந்துவிடுவார். இவர் கோயில் தூண் மாதிரி நின்றார். "பேப்பர் இவருக்குக் காது வேலை செய்யவில்லை என்கிறது, இவரோ நிற்கிறார், இதில் யார் பொய் சொல்வது?" என்று மட்டும் கேட்டுவிட்டு மருத்துவர் போய்விட்டார்.

மறுபடி சோதிப்பதற்கு முன் இந்த முறை உட்கார்ந்து பேசினேன். முதல் முறை "மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று நான் கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் விழுங்குவதுதான் அவரைப் பொறுத்தவரை மருந்து. சோதனைக்கு வந்த அன்று காலையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தலைச்சுற்றல் மாத்திரை ஒன்றையும், சளிக்கு ஒரு மாத்திரையையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், நடுவழியில் சுற்றி விழுந்துவிடக்கூடாதே என்று. சின்னரிசின், ப்ரோகுளோர்பெரசின் போன்ற தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளும், தூக்கம் வரவைக்கும் சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் நாங்கள் அளக்க முயலும் அந்த விழியாட்டத்தையே மங்கச் செய்பவை. அது மட்டுமன்று. முந்தைய இரவு முழுவதும் பணியில் இருந்துவிட்டு நேராக வந்தவர், கண்ணசைவைப் பதிவு செய்யும் கண்ணாடியை நான் மாட்டி இருட்டாக்கியதும் பாதி உறங்கியிருக்கிறார். மூளை விழிப்பாக இல்லையென்றால் விழியாட்டம் அடங்கிப்போகும். அதனால் நீர் விட்டபின் நோயாளியை ஏதாவது பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ளது. நான் அதை ஒரு சடங்காக நினைத்து விட்டிருந்தேன்.

மருத்துவரின் ஒப்புதலோடு இரண்டு நாள் அந்த மாத்திரைகளை நிறுத்தி, ஓர் இரவு நன்றாகத் தூங்கச் செய்து, மறுபடி நீர் விட்டேன். "மதுரையிலிருந்து திருச்சி வரைக்கும் ஸ்டாப்பிங் சொல்லுங்கண்ணே" என்றேன். மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை என்று அவர் இடையில் இருக்கும் சிற்றூர்களையும் விடாமல் சொல்லிக்கொண்டு போக, திரையில் விழியாட்டம் அலையலையாக எழுந்தது. இரண்டு காதும் முழுக்கச் சரியாக இருந்தன. அன்றிலிருந்து யார் படுத்தாலும் பேசவைப்பதற்கென்று ஒரு பட்டியலை மனத்தில் வைத்திருக்கிறேன். பாட்டிகளிடம் பேரன் பேத்திகளின் பெயர்களைக் கேட்பேன், விவசாயிகளிடம் நெல் வகைகளைக் கேட்பேன். மாணவர்களிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் தலைச்சுற்றலோடு கோபமும் வருகிறது, ஆனால் தூக்கம் வருவதில்லை.

அவருடைய உண்மையான நோய் என்ன என்பதைக் கடைசியில் எந்தக் கருவியும் சொல்லவில்லை. இளம் வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி இருந்தது, தலை சுற்றும் நாட்களில் வெயிலும் ஹாரன் சத்தமும் பொறுக்க முடிவதில்லை, தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள்தான் வருகிறது, வந்தால் சில மணி நேரம் நீடிக்கிறது என்பதையெல்லாம் கேட்டுத்தான் ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த தலைச்சுற்றல் என்று மருத்துவர் முடிவுக்கு வந்தார். பாரானியின் பெயரில் இயங்கும் சமநிலை மருத்துவ அமைப்பும் பன்னாட்டுத் தலைவலிக் கழகமும் சேர்ந்து 2012இல் இந்த நோய்க்கு வகுத்த இலக்கணத்தில், குறைந்தது ஐந்து முறை வந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் உண்டு. அவை அத்தனையும் நோயாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை. கருவியில் இவ்வளவு இருந்தால்தான் இந்த நோய் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

நம் மொழியில் 'தலைச்சுற்றல்' என்ற ஒரு சொல் எத்தனையைச் சுமக்கிறது என்பதை அதன் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். அறையே சுழல்வதும் தலைச்சுற்றல், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவதும் தலைச்சுற்றல், நடை தள்ளாடுவதும் தலைச்சுற்றல், வெறும் வயிற்றில் வரும் படபடப்பும் தலைச்சுற்றல். 'கிறுகிறுப்பு', 'மயக்கம்', 'பித்தம் ஏறிவிட்டது' என்று சொல்பவர்களும் இந்த நான்கில் எதையாவதுதான் சொல்கிறார்கள், எது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முன்பு "சுற்றுகிறதா, மயக்கமா?" என்று கேட்பேன், கேட்ட தோரணைக்கு ஏற்பப் பதில் வரும். இப்போது அதைக் கேட்பதில்லை. அது வரும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தது என்ற இரண்டைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறேன். நேரத்தைக் கேட்டால் எல்லோரும் "ரொம்ப நேரம்" என்பார்கள். சுழற்சி அரை நிமிடத்தில் நின்றிருக்கும், அதன் பின் வரும் குமட்டலும் பயமும் அரை நாள் இருக்கும், இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். "சுற்றத் தொடங்கியதும் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தால், நிற்பதற்குள் எத்தனை வரை எண்ணியிருப்பீர்கள்?" என்று கேட்டால் "இருபது" என்ற பதில் கிடைக்கும். அந்த இருபதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். எழுந்து நிற்கும்போது மட்டும் வருகிறது என்று சொல்பவர்களுக்குப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பிறகு மூன்று நிமிடம் வரையிலும் இரத்த அழுத்தம் பார்ப்போம். மேல் அளவு 20 குறைந்தால் காரணம் அநேகமாகக் காதில் இல்லை. அப்படிப்பட்டவர்களை என் அறைக்கு அனுப்பவே வேண்டியதில்லை.

இருபது எண்ணும் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான் கழுத்துப்பட்டை பாட்டி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மருமகளோடு வந்தவர், கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. படமெடுத்துப் பார்த்துக் கழுத்து எலும்பு தேய்மானம், அதனால்தான் தலை சுற்றுகிறது என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயதில் யாருடைய கழுத்தைப் படமெடுத்தாலும் தேய்மானம் இருக்கும், நரை இருப்பதைப் போல. நம் ஊர்களில் தலை சுற்றிய முதியவர்களில் எத்தனை பேர் இந்தப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. "படுத்தா வருது தாயி, பொரண்டா வருது. கோயில்ல கோபுரத்தை அண்ணாந்து பாக்க முடியல. கொடியில துணி போடக் கையத் தூக்குனா அப்படியே சொழட்டி அடிக்குது" என்றார். எண்ணச் சொன்னேன். பதினைந்து என்றார்.

இந்தக் கதைக்குத் தேவையான கருவி ஒரு கட்டில் மட்டுமே. உட்செவியில் யூட்ரிக்கிள் என்ற பையில் ஒட்டியிருக்க வேண்டிய நுண்ணிய கால்சியம் துகள்கள் உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள், விழுந்துவிட்டால் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் அவை உருண்டு திரவத்தை இழுக்கின்றன. 1952இல் டிக்ஸும் ஹால்பைக்கும் விவரித்த முறைப்படி, உட்கார்ந்திருப்பவரின் தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, அப்படியே விரைவாகப் படுக்கவைத்து, தலையைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே சிறிது தாழ்த்திப் பிடித்துக் கண்ணைப் பார்க்க வேண்டும். பாட்டியின் கழுத்துப்பட்டையைக் கழற்றுவதற்கு மருமகள் முதலில் சம்மதிக்கவில்லை. மருத்துவர் கழுத்தைச் சோதித்து அனுமதித்த பிறகு வலப்பக்கம் படுக்கவைத்தேன், ஒன்றுமில்லை. இடப்பக்கம் படுக்கவைத்தேன். மூன்று விநாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு கண்கள் மேல்நோக்கியும், கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்றும் துடிக்கத் தொடங்கின. பாட்டி "ஆத்தா, பிடிச்சுக்க" என்று என் முழங்கையை இறுகப் பற்றினார். இருபது விநாடியில் அடங்கியது. சற்றுத் தாமதித்துத் தொடங்குவது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது, மேல்நோக்கிச் சுழல்வது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை. அதே கட்டிலில், 1992இல் எப்லி வெளியிட்ட முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, துகள்களைப் பழைய பைக்கே திருப்பி அனுப்பினோம். மறுவாரம் மீண்டும் இடப்பக்கம் படுக்கவைத்தபோது எதுவும் வரவில்லை. பட்டையை மருமகள் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார், இதை என்ன செய்வது என்று கேட்டார்.

இதில் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்று உண்டு. ஆரம்ப காலத்தில் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் இந்தப் படுக்கவைக்கும் சோதனையைச் செய்வேன், ஏனென்றால் நோயாளி வாந்தியெடுத்துவிட்டால் மற்றவை கெட்டுப்போகும். அதற்குள் நோயாளிக்குச் சில ஆயிரம் ரூபாயும் ஒரு முழுக் காலைப் பொழுதும் போயிருக்கும். இப்போது கதை இப்படி இருந்தால் இதைத்தான் முதலில் செய்கிறேன். இரு பக்கமும் ஒன்றும் வரவில்லை என்றால் மல்லாந்து படுத்த நிலையில் தலையை இடமும் வலமும் உருட்டிக் கிடைமட்டக் குழலையும் பார்க்கிறேன். இதைச் செய்யாமல் 'துகள் நோய் இல்லை' என்று எழுதி அனுப்பிய இரண்டு பேர் பின்னர் வேறிடத்தில் குணமானது எனக்குத் தெரியும்.

தலை திடீரென்று சுற்றத் தொடங்கி நிற்காமல் ஒரு நாளைத் தாண்டியும் சுற்றிக்கொண்டே இருப்பவர்களின் கதை முற்றிலும் வேறு. இங்கே சோதனை முடிவை நாம் வழக்கமாகப் படிக்கும் முறையே தலைகீழாகிறது. ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர், முந்தைய நாள் விடியற்காலையிலிருந்து சுற்றலும் வாந்தியுமாக இருந்தார். ஒரு சிறு மருத்துவமனையில் ஊசி போட்டு, தலையை சி.டி. எடுத்துப் பார்த்து, மூளை நன்றாக இருக்கிறது, இது காதுக் கோளாறு என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தார். கட்டிலில் உட்கார வைத்தால் பிடிக்காமல் உட்கார முடியவில்லை.

அவருக்குத் தலை உந்தல் சோதனையைச் செய்தேன். 1988இல் ஹால்மாகியியும் கர்தாய்ஸும் எழுதிய எளிய சோதனை அது. நோயாளி நம் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தலையைச் சற்றே, ஆனால் வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்ப வேண்டும். அந்தப் பக்கக் காது வேலை செய்தால் கண்கள் நம் மூக்கை விட்டு அகலா. வேலை செய்யாவிட்டால் கண்களும் தலையோடு போய்விட்டு, பிறகு ஒரு தாவலில் மூக்குக்குத் திரும்பும். காது நரம்பு அழற்சியால் இப்படிச் சுற்றுபவருக்கு இந்தத் தாவல் தெரிய வேண்டும். இவருக்கு இரு பக்கமும் கண்கள் அசையாமல் நின்றன. வேறு யாருக்காவது இருந்தால் 'இயல்பு' என்று நிம்மதியாக எழுதியிருப்பேன். நிற்காமல் சுற்றிக்கொண்டிருப்பவருக்குக் காது இயல்பாக இருக்கிறது என்றால், கோளாறு காதைத் தாண்டி மூளையில் இருக்கிறது என்று பொருள். வலப்பக்கம் பார்க்கச் சொன்னால் விழியாட்டம் வலப்பக்கமும், இடப்பக்கம் பார்க்கச் சொன்னால் இடப்பக்கமும் அடித்தது. காது நோயில் திசை மாறாது. சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சிறுமூளையில் இரத்தக்குழாய் அடைப்பு தெரிந்தது.

தலை உந்தல், விழியாட்டத்தின் திசை, ஒவ்வொரு கண்ணாக மறைத்துத் திறக்கும்போது கண் மேலோ கீழோ நகர்கிறதா என்பது ஆகிய மூன்றையும் சேர்த்து ஹின்ட்ஸ் என்று பெயரிட்டு 2009இல் கட்டாவும் அவருடைய குழுவினரும் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். முதல் ஓரிரு நாட்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.கூடத் தவறவிடக்கூடிய அடைப்பை இந்த மூன்றும் காட்டிக்கொடுக்கின்றன. சி.டி.யோ சிறுமூளைப் பகுதியின் தொடக்க அடைப்பைக் காட்டாமல் விடுவது மிகச் சாதாரணம். ஆனால் இதையும் இடம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது, விழியாட்டமும் இருக்கிறது என்ற நிலையில் மட்டுமே இந்த முறை பொருந்தும். நேற்று சுற்றியது, இன்று சரியாகிவிட்டது என்று வருபவருக்குத் தலை உந்தல் இயல்பாக இருப்பதைக் கண்டு மூளை நோய் என்று பயமுறுத்தக் கூடாது. மறுபுறம், சுற்றலோடு ஒரு காது திடீரென்று கேட்காமல் போயிருந்தால், காது நோய் போலவே தாவல் தெரிந்தாலும் அசட்டையாக இருக்கக்கூடாது, ஏனென்றால் உட்செவிக்குப் போகும் இரத்தக்குழாயே அடைத்திருக்கக்கூடும்.

தலை உந்தலைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதில் கேமரா பொருத்திய கண்ணாடியால் பதிவு செய்யும் வீடியோ கருவி எங்களிடம் பின்னர் வந்தது. தலை அசையும்போதே நிகழ்ந்து முடிந்துவிடும் தாவலை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது, கேமரா பிடித்துவிடும் என்பதே இதன் பெரிய பயன். ஆனால் இந்தக் கருவியைப் போல் என்னை ஏமாற்றிய கருவி வேறில்லை. கண்ணாடி இறுக்கமாக இல்லையென்றால் நெற்றித்தோலோடு வழுக்கி, கண் தலையை விட வேகமாகப் போனதாக எண் காட்டும். ஒருமுறை ஒரு பெண்ணின் பதிவு தாறுமாறாக வந்தது. மூளை நோயோ என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது, உடன் வந்த அவருடைய தங்கை, "அக்கா, மை போட்டிருக்குல்ல, அதனாலயா?" என்று கேட்டாள். அதனால்தான். அகச்சிவப்புக் கேமரா கண்மணியின் கருமையைத்தான் தேடுகிறது, இமையோரத்து மையைக் கண்மணி என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் அறையில் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் வைத்திருக்கிறோம்.

இந்தக் கருவி தன் மதிப்பைக் காட்டிய ஒரு நோயாளியையும் சொல்ல வேண்டும். சிறுநீரகத் தொற்றுக்காக நெடுநாள் ஜென்டமைசின் ஊசி போட்டுத் தேறிய நாற்பது வயதுப் பெண் அவர். சுற்றவே இல்லை என்றார், அதனாலேயே பலர் அவரைக் காதுப் பக்கம் அனுப்பவில்லை. "நடந்தா தெருவே குலுங்குது சிஸ்டர். நின்னா பஸ் போர்டு தெரியுது, நடந்துக்கிட்டே பாத்தா எழுத்து ஆடுது. கரண்டு போயிட்டா சுவத்தப் பிடிக்காம நடக்க முடியல" என்றார். காது கேட்கும் திறன் முழுமையாக இருந்தது. மனநல ஆலோசனைக்கும் அனுப்பப்பட்டிருந்தார். கண்மருத்துவர் பயன்படுத்தும் எழுத்துப் பலகையை வைத்து, தலையை அசைக்காமல் ஒருமுறையும், நான் தலையை விரைவாக ஆட்டிக்கொண்டிருக்கும்போது ஒருமுறையும் படிக்கச் சொன்னேன். ஐந்து வரி இழந்தார். வீடியோ கருவியில் கண் அசைவுக்கும் தலை அசைவுக்குமான விகிதம் 0.8க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் இரு பக்கமும் 0.3 அருகே இருந்தது. ஜென்டமைசின் கேட்கும் உறுப்பை விட்டுவிட்டுச் சமநிலை உறுப்பை மட்டும் அழிக்கக்கூடிய மருந்து. அந்த எண்ணைக் காட்டி, "உங்களுக்கு மனக்கோளாறு இல்லை, இதோ பாருங்கள்" என்றபோது அவர் அழுதார். மாத்திரையால் இது திரும்பாது, தலைச்சுற்றல் மாத்திரையோ இந்த இழப்புக்கு மூளை பழகிக்கொள்வதையும் தடுக்கும். நடைப் பயிற்சியும் பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சியும் தொடங்கினோம், வீட்டுக் கழிப்பறை வழியில் இரவு விளக்கு போடச் சொன்னோம்.

கலோரிக் ஒன்று சொல்ல, தலை உந்தல் வேறொன்று சொல்லும் நாட்களும் உண்டு. தொடக்கத்தில் ஏதோ ஒன்று பிழை என்று எண்ணி இரண்டையும் மறுபடி செய்வேன். கலோரிக் தூண்டல் தலையை மிக மிக மெதுவாகத் திருப்புவதற்கு ஒப்பானது. தலை உந்தலோ நடக்கும்போதும் ஓடும்போதும் நேரும் விரைவான அசைவைச் சோதிக்கிறது. ஒரே உறுப்பின் இரு வேறு வேகங்களை இவை கேட்கின்றன, பதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. குறிப்பாக மெனியர் நோயில், காது அடைத்து இரைந்து மணிக்கணக்கில் சுற்றும் அந்த நோயில், பாதித்த காதில் கலோரிக் பலவீனமாகவும் தலை உந்தல் இயல்பாகவும் இருப்பது அடிக்கடி காணப்படுகிறது. அந்த முரண்பாடே ஒரு துப்பு. இரு காதுகளுக்கும் இடையே வேறுபாடு 25 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நான் பலவீனம் என்று எழுதுகிறேன், எழுதும் முன் காதில் குறும்பி இருந்ததா, ஒரு காதில் நீர் சரியாகப் போகாமல் திரும்பி வந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். செவிப்பறையில் துளை இருந்தால் நீர் விடவே கூடாது.

வெம்ப் என்ற சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காதில் உரத்த ஒலியைத் தட்டி, கழுத்துத் தசையிலோ கண்ணுக்குக் கீழோ வரும் மின்பதிலை அளப்பது அது. சாக்யூல், யூட்ரிக்கிள் என்ற இரண்டு பைகளைப் பற்றி அறிய அது உதவும். அறுபதைத் தாண்டிய பலருக்கு நோய் இல்லாமலேயே பதில் வராது. நடுச்செவியில் அடைப்பால் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும் வராது. கழுத்தைத் தூக்கிப் பிடிக்கச் சோம்பினாலும் வராது. வராததை விட அளவுக்கு மீறி எளிதாக வருவதுதான் எனக்கு இதில் முக்கியம். மிகச் சிறிய ஒலிக்கே பெரிய பதில் வந்தால், மேற்புறக் குழலின் மேலுள்ள எலும்பில் விரிசல் இருக்கலாம். 1998இல் மைனர் முதன்முதலில் விவரித்த அந்த நோயுள்ள ஒருவர், தன் கண்கள் அசையும் ஓசையே தனக்குக் கேட்பதாகச் சொல்லி, நெடுநாள் யாராலும் நம்பப்படாமல் இருந்தார்.

இப்போது அறிக்கை எழுதும் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். நோயின் பெயரை நான் எழுதுவதில்லை, அது மருத்துவருடையது. எந்தக் குழல், எந்த வேகத்தில், எந்த நிலையில் சோதிக்கப்பட்டது, நோயாளி அன்று விழிப்பாக இருந்தாரா, கடைசியாக விழுங்கிய மாத்திரை எது, எப்போது என்பதையெல்லாம் எழுதுகிறேன். பதில் வரவில்லை என்றால் 'பதில் பெறப்படவில்லை' என்றே எழுதுகிறேன், 'செயலிழப்பு' என்ற சொல்லை வேறு சோதனை ஒன்றும் ஒப்புக்கொண்டால் மட்டும் பயன்படுத்துகிறேன். எல்லாம் இயல்பாக இருந்தால் அதற்குக் கீழே, 'தலைச்சுற்றல் இல்லை என்பது இதன் பொருளன்று' என்று ஒரு வரி சேர்க்கிறேன். இயல்பான அறிக்கையை நீட்டி "உனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டார் சொல்லி, அதனால் சண்டை மூண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு வருபவர்களுக்கு முந்தைய நாள் மாலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை, சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட, பைக்குள் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். எதை இரண்டு நாள் முன்னரே நிறுத்தலாம் என்று மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும், வலிப்பு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவே கூடாது. முந்தைய இரவு மது கூடாது. இதை ஆண்களிடம் மனைவியர் பக்கத்தில் இல்லாதபோது தனியாகச் சொன்னால்தான் உண்மை தெரிகிறது. இரண்டு மணி நேரம் முன்பு இட்லி போல எளிதாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், கண்ணில் மை கூடாது, திரும்பிப் போகும்போது வண்டியை வேறு யாராவது ஓட்ட வேண்டும். முடிந்தால், அடுத்த முறை சுற்றும்போது வீட்டில் இருப்பவர் கைப்பேசியால் கண்ணைக் கிட்டத்தில் படம் பிடித்து வைக்கட்டும். சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவன் தன் தாயின் கண்ணை அப்படி எடுத்து வந்திருந்தான். பதினெட்டு விநாடிப் படம், பின்னணியில் குக்கர் விசிலடிக்கிறது, கண் மேல்நோக்கிச் சுழல்வது தெளிவாகத் தெரிகிறது. அவருக்குக் கட்டிலைத் தவிர நான் எதையும் பயன்படுத்தவில்லை.